வெளியே பூட்டு, உள்ளே சாவி

பதினோராயிரத்து நானூற்று எழுபது. பழைய வண்டிச் சாமான் கடைக்காரருக்குக் கார்க்காரி தர வேண்டிய பாக்கி அவ்வளவு. இன்று கடை மூடுவதற்குள் அதைக் கொண்டுபோய் வைக்காவிட்டால் வண்டி அவருடையது. கடன் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பது அவள் அம்மா. சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

தொகையைக் கேட்டதும் சில்லறை என்கிறவன் அதைத் தன் முதுகில் ஏற்றிப் பார்த்தான். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் அத்தனை பணத்துக்கு எவ்வளவு சுமக்க வேண்டியிருந்திருக்கும்? பாதிக் கணக்கிலேயே இடுப்பு வேண்டாம் என்றது.

"ஏம்மா, உனக்கு என்ன வயசு?"

"பதினெட்டு முடியப்போகுது."

"அந்த வயசுல எனக்கு ஒரு தீப்பெட்டிகூட யாரும் கடன் குடுக்கல. நீ பெரிய ஆளுதான்."

கார்க்காரி சிரிக்கவில்லை. கோழி அடைந்து கிடந்த ஒரு பழைய காரை வாங்கி, எச்சம் சுரண்டி, துரு சுரண்டி, மூன்று வருஷமாக ஆணி ஆணியாகக் கழற்றி மாட்டியவள். தெருவே அவளைக் கார்க்காரி என்றுதான் கூப்பிடும். பச்சை வண்டி இப்போது தகரக் கொட்டகைக்குள் பளபளவென்று நின்றது. நேற்றுவரை கொட்டகைக்குள்ளேயே இன்ஜின் ஓடியது. இன்று பானட்டைத் திறந்தால் இன்ஜினின் பக்கவாட்டில் கார்புரேட்டர் இருந்த இடம் காலி.

"கீழ நாற்சந்தியில சினிமா கம்பெனி மேனேஜர் சாயங்காலம் வரைக்கும் நிப்பார். ஷூட்டிங்குக்குப் பழைய கார் வேணுமாம். வண்டி தானா ஓடி வந்தா அட்வான்ஸ் கையில. தள்ளிட்டு வந்தா வேண்டாம்னுட்டார்" என்றாள். "கார்புரேட்டர் இல்லாம வண்டி எப்படிம்மா ஓடும்?"

கேள்வி இன்ஸ்பெக்டரம்மாவுக்கு. பெயரைக் கேட்டுப் போலீஸ் என்று பயப்பட வேண்டாம். முப்பது வருஷம் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதித்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓய்வு பெறவில்லை. ஊரில் காணாமல் போகிற பொருளையும் ஆளையும் தேடித் தருகிறாள். ஒரு காலத்தில் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் அவளிடம் மாட்டி, சில்லறை இல்லை, சில்லறை இல்லை என்று ஊர் எல்லை வரை புலம்பியவன்தான் இன்று அவளுடைய உதவியாள். பெயர் அன்றைக்கு ஒட்டியது, பிறகு போகவில்லை.

அவள் பானட்டுக்குள் தலையை விட்டாள். "காலையில இங்க யார் யார் இருந்தாங்க?"

"நான் பெட்ரோல் வாங்கப் போனேன். டாக்டர் மாமாவும் பிரஸ் மாமாவும் காவலுக்கு இருந்தாங்க. ஆனா மாறி மாறி டீ குடிக்கப் போயிருக்காங்க. நடுவுல கடைக்காரரும் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனாராம்."

அந்த இரண்டு மாமாக்களும் கொட்டகை வாசலிலேயே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இன்னொருவர் அச்சகம் வைத்திருப்பவர். விரல் நுனியெல்லாம் மை, தொட்ட இடமெல்லாம் கறுப்பு. இருவருக்கும் பழைய கார் என்றால் உயிர். கார்க்காரிக்கு வாரா வாரம் வந்து யோசனை சொல்வார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது.

"என் வண்டியில இப்படித்தான் ஒரு தடவை…" என்று டாக்டர் தொடங்கினார்.

"ஆரம்பிச்சுட்டார். உலகத்துல இருக்கிற வண்டியெல்லாம் இவர் வண்டி போட்ட குட்டி" என்றார் பிரஸ்காரர்.

"ஓய், நீர் கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளையை மாத்தி அடிச்ச ஆளு. நீர் பேசக்கூடாது."

"ரெண்டு பேருக்கும் பந்தயம்" என்று கார்க்காரி மெல்லச் சொன்னாள். "யார் யோசனையால வண்டிக்குக் கெடுதல் வருதோ, அவர் இனிமே ஆயுசுக்கும் வண்டியைப் பத்தி வாயே திறக்கக்கூடாது."

"வாயே திறக்கக்கூடாதா? பல் டாக்டருக்கு அது பெரிய நஷ்டமாச்சே" என்றான் சில்லறை.

இன்ஸ்பெக்டரம்மா இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். பஸ்ஸில் கடைசி சீட்டைப் பார்க்கிற பார்வை. "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க. காத்து வரட்டும்."

அவர்கள் நகர்ந்தார்கள். அவள் சில்லறையைப் பக்கத்தில் இழுத்தாள்.

"கார்புரேட்டர் இருந்த ஓட்டையைப் பாரு. என்ன தெரியுது?"

"துணி அடைச்சிருக்கு."

"எப்படிப்பட்ட துணி?"

"சுத்தமான வெள்ளைத் துணி. நாலா மடிச்சு, முனையெல்லாம் உள்ள சொருகி. எங்க வீட்டுக் குழந்தையைக்கூட இவ்வளவு அழகா நாங்க சுத்தினதில்லை."

"நட்டு ரெண்டும்?"

"அந்தந்த ஆணியிலேயே திருப்பி மாட்டியிருக்கு. கையாலதான் திருகியிருக்கான்."

"திருடன் எங்கயாவது ஓட்டைக்குள்ள தூசி போயிடும்னு கவலைப்படுவானாடா? நட்டு தொலைஞ்சிடும்னு பத்திரப்படுத்துவானா?"

சில்லறை யோசித்தான். "திரும்ப மாட்டப்போறவன்தான் அப்படிச் செய்வான்."

"திரும்ப மாட்டப்போறவன் பொருளைத் தூரமா கொண்டு போவானா? பெட்ரோல் நாத்தம் அடிக்கிற சாமானைச் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு நடுரோட்டுல நடப்பானா?"

கார்க்காரி அதற்குள் வண்டியின் பின்கதவைத் திறந்திருந்தாள். சீட்டைத் தூக்கினாள். அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றி, எண்ணெய் சிந்தாமல் நிமிர்த்தி வைத்திருந்தது.

"கிடைச்சிருச்சு!" என்று சில்லறை கத்தினான். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

அந்தக் கத்தல் அடங்கக்கூட இல்லை. வாசல் ஷட்டர் தடதடவென்று இறங்கித் தரையில் மோதியது. வெளியே கொக்கி விழுந்தது. 'டக்' என்று பூட்டு.

கொட்டகை இருண்டது. பின்சுவரில் செங்கல் உருவி எடுத்த ஒரு ஓட்டை வழியாக மட்டும் கை அகல வெளிச்சம். சில்லறை ஷட்டருக்கு ஓடி இரண்டு கையாலும் அறைந்தான். தகரம் அதிர்ந்தது, அவ்வளவுதான்.

"யாருய்யா அது? திற! ஆள் இருக்கோம்!"

அக்கம் பக்கம் மரக்கடையும் வெல்டிங் பட்டறையும் வார விடுமுறை. கத்தினால் கேட்பதற்கு அங்கே காக்கைகூட இல்லை.

"சாவி எங்கம்மா?" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா.

"இங்க" என்று கார்க்காரி பாவாடைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். "பூட்டு கொக்கியில திறந்து தொங்கிட்டிருந்தது. யாரோ அமுக்கிட்டாங்க."

"ஆகா" என்றான் சில்லறை. "பூட்டு வெளிய, சாவி உள்ள. ரொம்பப் பாதுகாப்பான ஏற்பாடு. எந்தத் திருடனும் உள்ள வர முடியாது. நாமளும் போக முடியாது."

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் முதுகில் வியர்வை வழிந்தது. கிடங்கில் வேலை செய்த நாளில் ஒரு முறை அடுக்கு சரிந்து மூட்டைகளுக்கு அடியில் கிடந்தவன் அவன். வாயில் சாக்கு, மூக்கில் தூசி, மேலே ஆட்கள் பேசுகிற சத்தம். தான் போட்ட கூச்சல் தனக்கே கேட்கவில்லை. அன்றிலிருந்து மூடின கதவைக் கண்டால் அவனுக்கு வாய் ஓயாது. பேச்சு நின்றால் மூச்சும் நின்றுவிடும் போலிருக்கும்.

"அம்மா, தகரம் சூடாகுது. இன்னும் கொஞ்ச நேரத்துல நாம மூணு பேரும் வெந்துடுவோம். உப்பு மட்டும்தான் பாக்கி."

"சும்மா இருடா. தண்ணி தாகம் எடுக்கும்."

கார்க்காரி சும்மா இருக்கவில்லை. கைவிளக்கை ஏற்றி பானட் மேல் வைத்தாள். அடைத்த துணியை உருவினாள், கார்புரேட்டரைப் பொருத்தினாள், நட்டை முறுக்கினாள். கண் ஓரம் நனைந்திருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

"கடைக்காரர் வேலைதான் இது. வேற யாருக்கு லாபம்? பொழுது போகட்டும்னு பூட்டிட்டார். பூட்டட்டும். இவர் பூட்டுக்கு நான் பயப்படப் போறதில்லை."

"என்ன செய்யப் போறே?"

"வண்டியால ஷட்டரை இடிச்சுட்டு நேரா இறக்கத்துல விட்டா நாற்சந்தி."

சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். இன்ஜின் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. மூன்று வருஷ உழைப்பு அந்த மூடின கொட்டகைக்குள் புலி மாதிரி உறுமியது. புகை மேலே எழும்பிக் கூரையில் முட்டித் திரும்பி வந்தது. சில்லறைக்கு நெஞ்சை அடைத்தது. மூட்டைக்கு அடியில் கிடந்த அதே இருட்டு. அவன் பின்சுவர் ஓட்டையை நோக்கிப் பாய்ந்து மூக்கை அதில் வைத்தான்.

"அம்மா!"

"என்னடா?"

"இங்க தண்ணி இருக்கு."

ஓட்டையின் விளிம்பில் ஒரு பாட்டில். முன்பு அங்கே இல்லை. பாட்டிலைச் சுற்றி ஈரத் துணி. வெள்ளைத் துணி. நாலாக மடித்து, முனையெல்லாம் உள்ளே சொருகி.

இன்ஸ்பெக்டரம்மா அதை ஒரு நொடிதான் பார்த்தாள். வயசை மறந்து ஓடினாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு வண்டிச் சாவியைப் பிடுங்கினாள். உறுமல் அறுந்தது.

"ஏம்மா நிறுத்தினீங்க?" கார்க்காரி கத்தினாள். "வண்டி போயிடும்மா! என் வண்டி!"

"இறங்கு. புகையை முழுங்காதே, இந்த ஓட்டைக்கிட்ட வா. சொல்றேன்." அவளை ஓட்டை அருகே இழுத்து நிறுத்தினாள். "கடைக்காரர் நம்மளப் பூட்டினா தண்ணி குடுப்பாரா? அதுவும் சூடாகாம இருக்க ஈரத்துணி சுத்தி?"

"அவர் தண்ணியும் கடனாத்தான் குடுப்பார்" என்றான் சில்லறை.

"இன்ஜின் ஓட்டையில துணி அடைச்ச கையும் இதே கைதான். துணியில ஒரு பொட்டு மை இல்லை. பிரஸ்காரர் தொட்டிருந்தா கைரேகையே அச்சாகியிருக்கும்."

கார்க்காரியின் முகம் வெளுத்தது. "டாக்டர் மாமாவா? அவருக்கு இந்த வண்டி மேல என்னைவிடப் பாசம். அவர் எதுக்கு…"

"அதான் கேள்வி. அவருக்கு இன்ஜின் மேல கோபம் இல்லை, பாதுகாத்துதான் வெச்சிருக்கார். நாம கண்டுபிடிச்சுட்டோம்னு இவன் கத்தினதும் பதறிப்போய் ஷட்டரை இழுத்திருக்கார். ஆக, இந்த வண்டி ஓடறதுல அவருக்குப் பயமில்லை. ரோட்டுக்குப் போறதுலதான் பயம்." அவள் கார்க்காரியின் தோளைப் பிடித்தாள். "கொட்டகைக்குள்ள தேவைப்படாதது, இறக்கத்துல தேவைப்படறது. எது?"

கார்க்காரி வண்டிக்குத் திரும்பி நடந்தாள். உட்காராமலே கையால் பிரேக்கை அமுக்கினாள். பெடல் கீழே போனது. திரும்பி வரவில்லை.

அவள் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினாள். மூடிக்கு அடியில் இருந்த ரப்பர் வளையம் ஊறின கடலை மாதிரி உப்பி, நசுக்கினால் பிசுபிசுத்தது.

"என்ன ஊத்தினே?"

"போன வாரம் டாக்டர் மாமா சொன்ன எண்ணெய். அவர் வண்டிக்கு அதைத்தான் ஊத்துவாராம். கடையில வாங்கினேன்." குரல் இறங்கியது. "உள்ள இருக்கிற ரப்பரும் இப்படித்தான் ஆகியிருக்கும். இறக்கத்துல ஒரு தடவை பிடிக்கும். அடுத்த தடவை…"

சில்லறை இறக்கத்தை நினைத்துப் பார்த்தான். கீழே நாற்சந்தி. நாலு பக்கமும் லாரி. இந்தத் தடவை அவனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா ஷட்டரின் அடியில் தரையில் உட்கார்ந்தாள். விரல் நுழைகிற இடைவெளி. அதில் பூட்டுச் சாவியைப் பாதி வெளியே தள்ளிவைத்தாள். இடைவெளிக்கு அப்பால் ஒரு நிழல் நின்றது.

"டாக்டர். டிக்கெட் எடுக்காதவன் இறங்கி ஓடமாட்டான், ஜன்னலைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பான். நீங்களும் போகலைன்னு தெரியும். சாவி இங்க இருக்கு."

நிழல் அசைந்தது. இடைவெளி வழியாக டாக்டரின் குரல் வந்தது. "பாப்பா வண்டியை விட்டு இறங்கிட்டாளா?"

"இறங்கிட்டா. பிரேக்கைப் பார்த்துட்டா."

வெளியே ஆள் தரையில் உட்காருகிற சத்தம்.

"மிச்ச எண்ணெயை வீட்டுல ஒரு டம்ளர்ல வெச்சிருந்தேன். பல் செட்டை ஊறப்போடற டம்ளர். அதுல ஒரு புது ரப்பரைச் சும்மா போட்டேன். நேத்து ராத்திரி பார்க்கிறேன், கட்டைவிரல் தண்டிக்கு ஊதிக் கிடக்கு. எனக்கு உயிரே இல்லை."

"சொல்லியிருக்கலாமே மாமா!" கார்க்காரி ஷட்டரில் கை வைத்தாள். "ஒரு வார்த்தை!"

"எப்படிம்மா சொல்வேன்? ரப்பர் அந்தக் கடையிலதான் கிடைக்கும். வாங்கப் போனா பிரஸ்காரனுக்குத் தெரிஞ்சிடும். ஆயுசுக்கும் வாயை மூடணும். எனக்குன்னு பேச வேற என்ன இருக்கு? வண்டி போனாலும் போகட்டும், பொண்ணு பத்திரமா இருந்தா சரின்னு கார்புரேட்டர்ல கையை வெச்சுட்டேன்."

"உங்க வாய்க்காக என் வண்டியை விட்டுட்டீங்க."

சாவி மெல்ல வெளியே நகர்ந்தது. பூட்டு திறந்தது. ஷட்டர் ஏறினபோது வெளிச்சத்தோடு காற்றும் வந்து சில்லறையின் முகத்தில் விழுந்தது. அவன் அதைக் குடித்தான்.

வாசலில் நின்றது டாக்டர் மட்டுமல்ல. கடைக்காரர்தான் பூட்டினார் என்று டாக்டர் சொன்னதை நம்பி, சண்டை போட்டு அவரையே கையோடு இழுத்து வந்திருந்தார் பிரஸ்காரர். டாக்டரின் வெள்ளைச் சட்டையில் மண். அவர் பிரஸ்காரரை நேராகப் பார்த்தார்.

"பிரேக் போச்சு. நான் சொன்ன எண்ணெயால."

பிரஸ்காரர் வாயைத் திறந்தார், கார்க்காரியின் முகத்தைப் பார்த்தார், மூடினார். "என்ன சொன்னீர்? அச்சு மெஷின் சத்தத்துல காது மந்தமாயிடுச்சு. ஒண்ணும் விழல."

"நான் சொன்ன எண்ணெய்…"

"விழலைங்கிறேன்ல? விடும்."

கடைக்காரருக்கு மட்டும் காது நன்றாக விழுந்தது. பச்சை வண்டியைச் சுற்றி வந்து, தன் வீட்டு மாட்டைத் தடவுவதுபோல் பானட்டைத் தடவினார். "வண்டி ஓடாது. அப்ப பேச்சு முடிஞ்சது. சாயங்காலம் ஆள் அனுப்பிக் கட்டி இழுத்துக்கறேன்."

கார்க்காரி சுவரில் சாய்ந்துவிட்டாள். ஷட்டர் திறந்துதான் கிடந்தது. ஆனால் அவள் நின்ற விதத்தைப் பார்த்தால் இன்னும் உள்ளேயே பூட்டியிருப்பவள் போலிருந்தது.

"மேனேஜருக்கு வேண்டியது பழைய கார்" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா, யாரையும் பார்க்காமல். "பச்சைக் கார்தான் வேணும்னு சொல்லலையே?"

டாக்டர் அவளைப் பார்த்தார். அவருடைய பழைய கார் மழை பார்த்ததில்லை. சொந்த மருமகனைக்கூட அவர் அதில் செருப்போடு ஏற விட்டதில்லை. சட்டைப் பையைத் தடவினார். கை ஒரு முறை பின்வாங்கியது. பிறகு சாவியை எடுத்துக் கார்க்காரியின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஷூட்டிங் முடியிற வரைக்கும் வாடகை பூரா உனக்கு. எத்தனை நாளானாலும். நீயே ஓட்டு. நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேன், வாயைத் திறக்காம."

இருட்டின பிறகு, கடை மூடுகிற நேரத்திலும் சாமான் கடையில் கூட்டம். டாக்டரின் காருக்கு மேனேஜர் தந்த அட்வான்ஸ் நோட்டுகளைக் கடைக்காரர் எச்சில் தொட்டு எண்ணினார். திரும்பவும் எண்ணினார். அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது.

"பதினோராயிரம். நானூத்தி எழுபது குறையுது. முழுசா வந்தாத்தான் கணக்கு."

"ஐயா நூல் பிடிச்சு நடக்கறார்" என்றான் சில்லறை.

கார்க்காரி டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னவர். பிரஸ்காரர் பக்கத்திலேயே நின்றார். கடையில் லாரி டிரைவர்கள், மெக்கானிக்குகள், எல்லாரும் தெரிந்த முகம். டாக்டர் தொண்டையைச் செருமினார். வீட்டுக் கூடத்தில் பேசுகிற குரல் இல்லை, மேடையில் பேசுகிற குரல்.

"தப்பான எண்ணெயைச் சொன்னது நான். எல்லாரும் கேட்டுக்குங்க, நான்தான் சொன்னேன், என் தப்பு. ஆனா பிரேக்குக்குன்னு சொல்லித்தான் இந்தப் பொண்ணு இந்தக் கடையில வாங்கினா. எந்த வண்டிக்குன்னும் சொன்னா. அந்த வண்டிக்கு இது ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. தினமும் விக்கிற இவருக்குத் தெரியாதா?"

"கேட்டதைக் குடுத்தேன்…" என்று கடைக்காரர் இழுத்தார்.

கல்லாவின் முன் நின்ற ஒரு லாரி டிரைவர் தன் கையில் இருந்த பிரேக் ஆயில் டின்னைப் புரட்டிப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரும் தன் டின்னைப் புரட்டினார்.

"இது எந்த வண்டிக்குங்க?" என்றார் டிரைவர்.

கடைக்காரரின் நெற்றியில் வியர்வை பூத்தது. மூடின அறைக்குள் ஆளுக்கு வருகிற வியர்வை, சில்லறைக்கு அது நன்றாகத் தெரியும்.

"விடுங்க, விடுங்க. சின்னப் பொண்ணு. நானூத்தி எழுபதைத் தள்ளிட்டேன். இத்தோட பாக்கி இல்லை. போதுமா?"

"வாயால தள்ளினா போதாது" என்றாள் இன்ஸ்பெக்டரம்மா. "கிழிச்சுக் குடுத்தாத்தான் டிக்கெட்."

கடைக்காரர் 'முழுவதும் வரவு, பாக்கி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மா கையெழுத்திட்ட தாளையும் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"கிழிச்சுப் போடும்மா" என்றார் பிரஸ்காரர்.

கார்க்காரி தாளை இரண்டு கையாலும் பிடித்தாள். கிழிக்கவில்லை. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அம்மா இன்னும் தூங்காம உட்கார்ந்திருக்கும். அது கையால கிழிக்கட்டும்."